ஒரே குலையில் ஓடும் இரண்டு வண்டிகள்

2025 நவம்பரில் டொயோட்டா தன் புதிய ஹைலக்ஸை பாங்காக்கில் அறிமுகப்படுத்தியபோது, ஒரே உடலுக்கு இரண்டு விதமான உயிரைக் கொடுத்தது. ஒன்று தோட்டத்து மக்கள் தலைமுறைகளாக அறிந்த டீசல். மற்றொன்று 59.2 கிலோவாட் மணி பேட்டரியும் முன்னும் பின்னும் ஒவ்வொரு மோட்டாரும். ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவருக்கு இதைவிட நேர்மையான இணை கிடைப்பது அரிது. பெயர், உயரம், தோற்றம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக இருக்க, வேறுபடுவது இயக்கும் ஆற்றல் மட்டுமே. ஐரோப்பியச் சந்தைக்காக நிறுவனம் வெளியிட்ட விவரங்களை அருகருகே வைத்தால் முதல் பார்வையில் டீசல் எளிதாக வென்றுவிடுகிறது. அது ஒரு டன் சுமக்கும். மின்சார வண்டி 715 கிலோ சுமக்கும். டீசல் 3,500 கிலோ இழுக்கும். மின்சார வண்டி 1,600 கிலோ. டீசல் வண்டி தொட்டியை நிரப்பிக்கொண்டு மலேசியத் தீபகற்பத்தின் பாதியைக் கடந்துவிடும். மின்சார வண்டி ஏறத்தாழ 240 கிலோமீட்டரில் நின்றுவிடும். ஒன்றில் மட்டும் இரண்டும் சமம்: 700 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் இரண்டுமே இறங்கலாம்.

ஆனால் இந்த எண்கள் எல்லா நிலத்துக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டவை. மலாக்காவின் செம்மண்ணில் வைத்து எடைபோட்டால் தராசு வேறு பக்கம் சாய்வதும் உண்டு.

மலாயாவின் ரப்பர்த் தோட்ட வரலாறு தொடங்கியதே இங்கேதான். 1896இல் தான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் அசஹானில் இன்னும் பெரிய அளவில் நட்டார். அந்தத் தோட்டங்களில் நம்மவர்கள் பால் வெட்டிய காலத்தில், மரத்திலிருந்து பாதை வரை சரக்கைக் கொண்டுவந்தது மனிதத் தோள்தான். கம்பின் இரு முனையிலும் வாளி தொங்க, பால் நடந்தே வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது சுமையின் தன்மையே மாறிவிட்டது. ஒரு குலை 10 கிலோவும் இருக்கும், 25 கிலோவும் இருக்கும். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும், இல்லையேல் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் கெடும். ஆகவே செம்பனைத் தோட்டத்தில் பாதையில்லாப் பாதையில் ஓடும் வண்டி அன்றாடப் பிழைப்பின் ஒரு பகுதி. மின்சார ஹைலக்ஸ் விட்டுக்கொடுக்கும் 285 கிலோ என்பது ஒவ்வொரு நடைக்கும் சுமார் 15 குலை. இதைச் சிறிய இழப்பு என்று ஒதுக்கிவிட முடியாது.

தூரத்தின் கதை இதற்கு நேர்மாறானது. நெடுஞ்சாலைப் பயணிக்கு 240 கிலோமீட்டர் குறைவு. ஆனால் மலாக்கா மாநிலத்தின் மொத்தப் பரப்பே சுமார் 1,700 சதுர கிலோமீட்டர். அலோர் காஜாவிலிருந்து ஜாசின் போய்த் திரும்பினாலும் பாதிப் பேட்டரிக்கு மேல் மீதமிருக்கும். அதிலும் தோட்டத்துக்குள் ஓடும் வண்டி கிலோமீட்டரில் களைப்பதில்லை, மணிக்கணக்கில்தான் களைக்கிறது. டீசல் வண்டி ஓடாமல் நின்று உறுமிக்கொண்டிருந்தாலே மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் குடிக்கும். மின்சார வண்டி நின்றால் மோட்டாரும் நின்றுவிடும். குளிரூட்டியும் விளக்கும் மட்டுமே கொஞ்சம் எடுக்கும்.

இந்த வேறுபாட்டை மிகத் தெளிவாகக் காட்டிய வண்டி ஒன்று உண்டு. 1948இல் பிறந்து, அவசரகாலத்தில் மலாயாத் தோட்டங்களிலும் ஓடிய லேண்ட் ரோவர், 2013இல் ஜெனீவா கண்காட்சிக்கு மின்சார டிஃபெண்டர் ஒன்றைக் கொண்டுவந்தது. விற்பனைக்கு அல்ல; ஆய்வுக்காகச் செய்த ஏழு வண்டிகள். அதன் பேட்டரியின் கொள்ளளவு 27 கிலோவாட் மணி, எடை 410 கிலோ. ஒரு லிட்டர் டீசலில் அடங்கிய ஆற்றல் ஏறத்தாழ 10 கிலோவாட் மணி என்று வைத்துக்கொண்டால், அந்த 410 கிலோவுக்குள் இருந்தது மூன்று லிட்டர் டீசலுக்கும் குறைவான ஆற்றல்தான். இரண்டரைக் கிலோ எண்ணெய் செய்ய வேண்டிய வேலைக்கு 410 கிலோ பேட்டரியா என்று கேட்பது நியாயமே. ஆனால் அதே வண்டி, சாலையில் 80 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் வண்டி, கரடுமுரடான நிலத்தில் மெதுவாக ஓட்டியபோது எட்டு மணி நேரம் வரை வேலை செய்யும் என்று அதன் பொறியாளர்கள் கணித்தார்கள். கார்ன்வாலின் ஈடன் பூங்காவில் 12 டன் எடையுள்ள பெட்டித் தொடரை ஆறு சதவீதச் சரிவில் இழுத்தும் காட்டியது. மூன்று லிட்டருக்குக் குறைவான டீசலை வைத்துக்கொண்டு எந்த டீசல் வண்டியும் எட்டு மணி நேரம் சுற்றியதில்லை. எரிபொருளின் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக வெளியே விடுவது ஒன்று; சேர்த்து வைத்த சிறிதளவையும் சிக்கனமாகச் செலவிடுவது மற்றொன்று.

சேற்றில் இறங்கும்போது இவ்விரண்டின் குணமும் இன்னும் விரிகிறது. டீசல் எஞ்சினுக்கு முழு முறுக்குவிசை வரச் சற்றே சுழல வேண்டும். அதனால்தான் ‘ஃபோர் லோ’ என்ற தாழ்கியர் தேவைப்படுகிறது. கியரைக் கையாலும் கிளட்சைக் காலாலும் உணர்ந்து ஓட்டும் தோட்டத்து ஓட்டுநரின் திறமை அங்கேதான் வெளிப்படுகிறது. மோட்டாருக்கோ அசையத் தொடங்கும் கணத்திலேயே முழு விசையும் கையில் இருக்கிறது. நத்தை வேகத்தில் சக்கரத்தை அங்குலம் அங்குலமாக உருட்டலாம். நல்ல ஓட்டுநர் பல வருடங்களில் கற்ற நிதானத்தை மென்பொருள் முதல் நாளே கொடுத்துவிடுகிறது. மென்பொருளை நான் மதிக்கிறேன். ஓட்டுநரின் அந்தத் திறமை இல்லாமல் போவதில் எனக்கு வருத்தமும் உண்டு.

ஆனால் மழைக்குப் பின் களிமண் டயரின் பள்ளங்களை அடைத்துவிட்டால், எஞ்சின் எது என்பது பொருளற்றுப் போகிறது. நிலத்தைத் தொடுவது இரண்டு வண்டியிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சற்றே பெரிய நான்கு ரப்பர்த் துண்டுகள்தான். இங்கே எடை இரண்டையும் ஒன்றுபோலத் தண்டிக்கிறது, கனமானதைச் சற்று அதிகமாக. 2024இல் வந்த மின்சார மெர்சிடிஸ் ஜி-கிளாஸ் 850 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கும், நின்ற இடத்திலேயே சுழலும். எடையோ மூன்று டன்னுக்கு மேல். செம்பனை வரிசைகளுக்கு நடுவே, மட்டைகள் அடுக்கிய ஈர மண்ணில், அந்த மூன்று டன் இறங்கினால் சுழற்சி வித்தை எதுவும் உதவாது. மண் இறுகினால் வேரும் பாதிக்கப்படும். சில தோட்டங்களில் ஈர நிலத்துக்கு இன்னமும் எருமை வண்டி விடப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிக்கிக்கொண்ட வண்டியை மீட்கும் நேரத்தில்தான் நான் எதிர்பாராத உறவு ஒன்று வெளிப்பட்டது. 1997 முதல் மலேசியாவில் நடந்துவரும் ‘ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்’ போட்டியின் படங்களைப் பாருங்கள்: கழுத்தளவு சேற்றில் புதைந்த டீசல் வண்டி, முன்னால் மரத்தில் கட்டிய கம்பி, கம்பியைச் சுற்றி இழுக்கும் வின்ச். பெரும்பாலான வண்டிகளில் அந்த வின்ச் ஒரு மின் மோட்டார். முழுச்சுமையில் அது 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 400 ஆம்பியர் அளவுக்கு உறிஞ்சும். பூஜ்ய வேகத்தில் பெரும் விசை வேண்டும் என்ற தருணம் வந்தபோது, டீசல் வண்டியின் உலகம் அந்த வேலையை நெடுங்காலமாக மின்சாரத்திடம்தான் ஒப்படைத்து வந்திருக்கிறது. மின்சார வண்டி செய்வது, அவசரத்துக்கு அழைக்கப்பட்ட அந்த மோட்டாரை நாள் முழுவதும் வேலைக்கு வைப்பது.

தண்ணீரில் மின்சாரத்துக்குச் சற்று மேன்மை உண்டு. டீசல் எஞ்சின் மூச்சு விட வேண்டும். ஆகவேதான் ஸ்னோர்க்கல் குழாயைக் கூரை வரை ஏற்றிக் கட்டுகிறார்கள். மோட்டாருக்குக் காற்று வேண்டாம். அந்த மின்சார டிஃபெண்டர் 800 மில்லிமீட்டர் ஆழத்தில் இறங்கியது. அதன் டீசல் உறவினருக்கு எல்லை 500. ஆயினும் தாங்கி, அச்சு, சீல் ஆகியவற்றுக்குள் சேற்றுநீர் புகுந்தால் இரண்டுக்கும் ஒரே பட்டறைச் செலவுதான்.

இறக்கம் வேறொரு வியப்பு. ஸ்விட்சர்லாந்தில், பெர்ன் மாநிலத்தின் பெரி என்ற ஊருக்கு அருகிலுள்ள சுண்ணாம்புக்கல் அகழ்வில், 65 டன் சுமக்கும் கொமாட்சு டம்பர் ஒன்றை மின்சாரத்துக்கு மாற்றினார்கள். அது மேலே வெறுமையாக ஏறி, கீழே சுமையோடு இறங்குகிறது. இறங்கும்போது பிரேக் பிடிக்கும் ஆற்றலைப் பேட்டரியில் சேமிப்பதால், ஏறுவதற்குத் தேவையானதில் பெரும்பகுதியைத் தானே சம்பாதித்துக்கொள்கிறது. குனோங் லேடாங் அடிவாரத்தில், அசஹான் பக்கத்துச் சரிவுத் தோட்டங்களை நினைத்தால் இந்தக் கணக்கு வெறும் வேடிக்கையாகத் தோன்றாது. அங்கும் குலை மேலேயிருந்து கீழே வருகிறது. வெறும் வண்டிதான் மேலே போகிறது. டீசல் வண்டி அந்த இறக்கத்தைப் பிரேக்கின் வெப்பமாகக் காற்றில் விடும். மின்சார வண்டி அதைச் சேமிக்கும். ஆனால் மலாக்காவின் பெரும்பகுதி அலையலையான தாழ்மேடு. ஸ்விஸ் மலையின் இலாபத்தை இங்கே முழுதாக எதிர்பார்க்கக் கூடாது.

சத்தத்தைப் பற்றி ஒரு சொல். ‘துரை வண்டி’ வருவதைத் தோட்டமே காதால் அறிந்த காலம் இருந்தது. நீண்ட கம்பில் அரிவாள் கட்டி அண்ணாந்து நின்று குலை வெட்டுகிறவருக்கு, பின்னால் வரும் வண்டியின் சத்தம் ஒரு பாதுகாப்பு. ஓசையற்ற வண்டி அவருக்கு நிம்மதியும் தரும், ஆபத்தும் தரும்.

இனி, இந்த இரண்டு வண்டிகளும் எதைத் தின்று வாழ்கின்றன என்று பார்ப்போம். எனக்கு இந்த ஒப்பீட்டில் மிகவும் பிடித்த பகுதி இது.

மலாக்கா நகரத்துத் தெங்கேராவிலிருந்து வடமேற்கே கடலோரமாகப் போகும் சாலை, லிம்போங்கான், கிளேபாங், தஞ்சோங் கிலிங் வழியாகப் போகிறது. அதற்கப்பால் சுங்கை ஊடாங். அங்கே 1994 முதல் பெட்ரோனாஸ் சுத்திகரிப்பு ஆலை இயங்குகிறது. கச்சா எண்ணெய் கடல் வழியே வந்து டீசலாக வெளியேறுகிறது. அதே சுங்கை ஊடாங் கடலில், 2013 முதல், கப்பலில் வரும் திரவ எரிவாயுவை மீண்டும் வாயுவாக்கிக் குழாயில் அனுப்பும் முனையம் இருக்கிறது. அந்தக் குழாய் எரிவாயு தீபகற்பத்தின் மின் நிலையங்களுக்கும் போகிறது. அத்தகைய எரிவாயு மின் நிலையங்கள் இதே கரையில், தஞ்சோங் கிலிங்கிலும் தெலுக் கோங்கிலும் எழுந்தன. ஒன்றுக்கொன்று எதிரி என்று நாம் பேசும் டீசலும் மின்சாரமும் தெங்கேராக்காரரின் ஒரே சாலையில், ஒரே கடலிலிருந்து கரையேறுகின்றன. மின்வலையில் நிலக்கரி மின்சாரமும் பெருமளவு கலக்கிறது என்பதைச் சேர்த்துக்கொண்டால், மின்சார வண்டி புகையே அறியாதது என்று சொல்ல வாய் வராது. அதன் புகை வேறோர் ஊரில் கிளம்புகிறது.

இந்த உறவு தோட்டத்துக்குள் இன்னும் நெருக்கமாகிறது. 2019 முதல் மலேசியச் சாலை டீசலில் பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு செம்பனை எண்ணெயிலிருந்து வருகிறது. 80 லிட்டர் தொட்டியில் 8 லிட்டர். ஏறத்தாழ 7 கிலோ எண்ணெய். குலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் என்று கொண்டால், 35 கிலோ பழம், இரண்டு குலை. குலை ஏற்றப் போகும் டீசல் வண்டி, தொட்டிக்கு இரண்டு குலையைத் தானே குடித்துவிட்டுத்தான் புறப்படுகிறது.

மின்சார வண்டியும் அதே குலையில் ஓட முடியும், வேறு வழியில். செம்பனை ஆலைகள் பிழிந்த நாரையும் கொட்டை ஓட்டையும் கொதிகலனில் எரித்து, நீராவி விசையாழி மூலம் தமக்கான மின்சாரத்தைத் தாமே செய்துகொள்கின்றன. அதற்கு மேல் ஆலையின் கழிவுநீர் இருக்கிறது. ஒரு டன் பழத்தைப் பிழிந்தால் சுமார் 0.65 கன மீட்டர் கழிவுநீர் வரும். ஒரு கன மீட்டர் கழிவுநீர் சுமார் 28 கன மீட்டர் உயிர்வாயு தரும். அதை ஜெனரேட்டரில் எரித்தால், என் கணக்கில், டன்னுக்கு ஏறத்தாழ 30 கிலோவாட் மணி மின்சாரம். இரண்டு டன் பழத்தின் கழிவுநீர் அந்த ஹைலக்ஸின் பேட்டரியை நிரப்பிவிடும். 715 கிலோ சுமக்கும் அந்த வண்டிக்கு அது மூன்று நடைச் சுமை.

இங்கே ஒற்றுமைக்குள் ஓர் ஆழமான வேற்றுமை ஒளிந்திருக்கிறது. டீசல் வண்டி குலையின் எண்ணெயையே கேட்கிறது, சமையலறைக்குப் போக வேண்டியதை. மின்சார வண்டி எண்ணெய் போன பிறகு மிஞ்சியதைக் கேட்கிறது. திறந்த குளத்தில் விட்டால் மீத்தேனாக வானில் ஏறிக் கெடுதல் செய்வதை. 2014 முதல் புதிய ஆலைகளுக்கு உயிர்வாயுவைப் பிடிக்கும் ஏற்பாடு கட்டாயம். ஆகவே இந்த வாய்ப்பு காகிதத்தில் மட்டும் இருப்பதல்ல.

ஆனாலும் ஒரு சிக்கல். பகலெல்லாம் தோட்டத்தில் ஓடும் வண்டி, இரவில்தான் மின்னேற்றத்துக்கு நிற்கும். ஆலை பிழியாத நேரத்தில் விசையாழி சுற்றாது. உயிர்வாயு எஞ்சின் இல்லாத ஆலையில் அப்போது ஓடுவது டீசல் ஜெனரேட்டர். லயத்து வீடுகளுக்கு மாலையில் சில மணி நேரம் விளக்கு எரிந்த நாட்களை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல: தோட்டத்தின் மின்சாரம் என்பதே அன்று டீசலின் மறுபெயராக இருந்தது. அப்படி நிரப்பிய மின்சார வண்டி, எரிபொருளை ஒரு சுற்றுச் சுற்றி வீணாக்கிக் குடிக்கும் டீசல் வண்டிதான். அதைவிட நேரடியாக டீசலை ஊற்றி ஓட்டுவதே மேல்.

ஆகவே பெருந்தோட்டத்தையும் சிறுதோட்டக்காரரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆலையும் மின்வலைத் தொடர்பும் உள்ள தோட்டத்தில் மின்சார வண்டிக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது. அங்கும் முதலில் மாற வேண்டியது மேலாளரின் பெரிய வண்டியல்ல, வரிசைகளுக்குள் குலை பொறுக்கும் சிறு வண்டி என்பது என் மதிப்பீடு. அமெரிக்கப் பண்ணைகளுக்கென 2021 இறுதியில் அறிவிக்கப்பட்ட பொலாரிஸ் ரேஞ்சர் கைனெட்டிக் இதற்கு நல்ல முன்னோடி: 29.8 கிலோவாட் மணி, ஏறத்தாழ 130 கிலோமீட்டர். எடை குறைவு, வேகம் குறைவு, தினமும் ஒரே கொட்டகைக்குத் திரும்பும் வேலை. மின்சாரத்தின் எல்லாக் குறைகளும் அங்கே சுருங்கிவிடுகின்றன.

ஐந்து ஏக்கர் செம்பனை வைத்திருப்பவரின் நிலை வேறு. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியது. தகுதியுள்ள சிறுதோட்டக்காரர்களுக்கு மாதம் 200 வெள்ளி உதவித்தொகை வந்தது. கூடிய விலை 1.20 வெள்ளி, ஆகவே மாதம் 166 லிட்டருக்குக் குறைவாக நிரப்புகிறவருக்கு, அன்றைய விலையில், ஏற்றம் கையைச் சுடவில்லை. பழைய ஹைலக்ஸை விட்டுவிட அவருக்குக் காரணமும் இல்லை, புதிய மின்சார வண்டி வாங்கப் பணமும் இல்லை. வெளிநாட்டிலிருந்து முழுதாக வரும் மின்சார வண்டிகளுக்கான வரிவிலக்கு 2025 இறுதி வரைக்கும்தான் அறிவிக்கப்பட்டிருந்தது. இங்கேயே பூட்டப்படுவனவற்றுக்கு 2027 இறுதி வரை. அவர் வீட்டுச் சாதாரண மின்பொருத்தில் 59 கிலோவாட் மணி ஏறுவதற்கு ஓர் இரவு போதாது. ஜாசின் பட்டறையில் டீசல் இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யத் தெரிந்தவர் கிடைப்பார். உயர் மின்னழுத்தப் பேட்டரியைத் தொடப் பயிற்சி பெற்றவர் நகரத்து விற்பனை நிலையத்தில்தான் இருப்பார். வண்டியின் வயதும் அவருக்கு முக்கியம். இருபது வருட டீசல் வண்டியைக் கைமாற்றி வாங்கி ஓட்டுகிறவர்கள் தோட்டப்புறங்களில் உண்டு. மின்சார வண்டியின் பேட்டரி இந்த வெப்பத்திலும் ஈரத்திலும் அத்தனை வருடம் தாங்குமா என்பதற்கு இங்கே இன்னும் அனுபவம் சேரவில்லை.

அவருக்கும் ஒரு வாசல் திறந்திருக்கிறது என்று நான் நினைப்பது ஆலை வாசலில்தான். விளைச்சல் உச்சத்தில் இருக்கும் மாதங்களில், எடைமேடைக்கு முன்னால் பழ வண்டிகள் மணிக்கணக்கில் வரிசை பிடிக்கின்றன. டீசல் வண்டிக்கு அந்த நேரம் முழு நட்டம். அடிக்கொரு தரம் எஞ்சினை உயிர்ப்பித்து நகர்த்தும் செலவும் உண்டு. மின்சார வண்டிக்கு அதே காத்திருப்பே உணவு வேளை ஆகலாம். பகல் நேரம், விசையாழி முழுவீச்சில் சுற்றும் நேரம், ஆலையில் மின்சாரம் மிஞ்சக்கூடிய நேரம். இரவில் பொருந்தாத கணக்கு இங்கே பொருந்துகிறது. பழம் கொண்டுவந்தவருக்குத் தரும் விலையிலிருந்து மின்னேற்றச் செலவைக் கழித்துக்கொள்ளலாம். எடைச்சீட்டில் ஒரு வரி கூடும், அவ்வளவே. வரிசை நிற்கும் அந்த நூறடி ஓரத்தில் நான்கு மின்னேற்றிகள் நடுவதற்கு ஹைலக்ஸ் செய்பவர்களின் அனுமதி தேவையில்லை. அது ஆலை முதலாளிகள் எடுக்க வேண்டிய முடிவு.